குலைக்காத பக்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் அந்த அம்மா, குட்டை நாய் எதைக் கண்டாலும் புடவையை ஒதுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் என் நாயிடம் வந்தார்.

"இது குலைக்குமா, தம்பி?"

"இது பக் சாதி நாய்ம்மா, ரொம்ப சாது. எந்நேரமும் தூக்கந்தான்."

"எங்க பொமரேனியன் வாயே மூடாது. எங்க வீட்டுக்காரரு வண்டி தெருவுல திரும்புறப்பவே குலைக்கும். நான் டீ போட எழுந்துடுவேன். அவரு தவறினப்புறமும் அதேமாதிரி வண்டிச் சத்தம் கேட்டா குலைச்சுது. நானும் போய்க் கதவத் தொறப்பேன். போன மாசம் அதுவும் செத்துடுச்சு."

பக்கின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, "ஒரு தடவ குலையேன்டா" என்றார்.

அது அவர் விரல்களை நக்கியது. அவர் காத்திருந்தார். கயிற்றை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.