ஒகேனக்கல்லுக்குப் போகாத மீன்

மாடியில் குடியிருந்த பேங்க் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது மீன்தொட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு பை உப்பு. தண்ணீர் மாற்றும்போது இதைக் கலக்குங்கள் என்று சொன்னதோடு சரி. உள்ளே ஒரே ஒரு மீன், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் நீலம், வால் மட்டும் மஞ்சள்.

காரிமங்கலத்தில் எங்களுக்கு மீன் என்றால் ஏரி மீன். மாமியார் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "அடப் பாவமே, வாயில்லா ஜீவன உப்புத் தண்ணியில போட்டு வச்சிருக்காங்களே! ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போறப்ப ஆத்துல வுட்டுரலாம். புண்ணியம்."

என் கணவர் தலையாட்டினார். அம்மா சொன்னால் தானாக ஆடுகிற தலை அது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. போனில் படம் படமாகத் தேடினேன். அதே நீலத்தில் இரண்டு இனம் இருந்தது. ஒன்றுக்கு வயிறும் மஞ்சள், மற்றதுக்கு வால் பக்கம் மட்டும். நம்மாள் இரண்டாவது. ஊர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல். அலை ஓய்ந்த, ஆழமில்லாத இடத்தில், கிளை கிளையாக வளர்ந்த பவளத்துக்குள் குடியிருக்கும். ஆற்றில் விட்டால் செத்துப்போகும்.

படித்துக் காட்டினேன். "போன்ல ஆயிரம் போடுவாங்க. காவேரித் தண்ணியில சாவுற மீனு எங்கயாச்சும் உண்டா?" என்றார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்வதற்குப் புண்ணியம் என்று பேர் வைத்தால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

ஆடிப் பதினெட்டு காலை வாசலில் வேன் நின்றது. மாமியார் எவர்சில்வர் தூக்கோடு தொட்டிக்கு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நவுரு கண்ணு, நேரமாவுது."

"நவுர மாட்டேங்க அத்தை. நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

வேனிலிருந்த சொந்தக்காரப் பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்றாமல் வீட்டில் உட்காருவதா, புருஷனுக்கு ஆகாதே என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் மவன் உசுரு பெருசா, இந்த மீனு பெருசா?"

அந்தக் கேள்வி சுட்டது. அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். ஆனாலும் நான் நகரவில்லை.

"உங்க மவனுக்கு ஒண்ணும் ஆவாதுங்க அத்தை. ஆத்துல வுட்டா இதுக்குத்தான் ஆயிரும்."

காலித் தூக்கோடு வேனில் ஏறினார். கணவர் என் முகத்தைப் பார்க்காமலே பின்னால் போனார். அதற்கப்புறம் அவர் தும்மினால்கூட வீட்டில் எல்லோரும் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். பழைய கயிற்றையே போட்டிருந்தேன், வேண்டுமென்றே.

அடுத்த ஆடியும் வந்து போய்விட்டது. மனுஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். மீனும் இருக்கிறது.