இரும்புப் பெட்டியிடம் பேசிய அக்கா

தம்பி சின்ன வயதில் சலவைக் கடையின் கண்ணாடியில் வாயை வைத்து ஊதுவான். மூச்சு படிந்த இடத்தில் விரலால் படம் போடுவான். துடைப்பது அக்காவின் வேலை. "உன் மூச்சைத் துடைச்சே என் கை தேஞ்சு போச்சுடா" என்பாள். இப்போது கடை அவளுடையது. கண்ணாடி நாள் முழுக்கப் பளிச்சென்று இருக்கிறது. அதுதான் அவளுக்குக் குறை.

தம்பி ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்ததிலிருந்து, அவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாடிக்கையாளர்களுக்கு அவளே விளக்கம் சொல்வாள். கண்ணுக்குத் தெரியாத தொலை அகச்சிவப்பு ஒளியை வாயுவுக்குள் விட்டால், ஒவ்வொரு வாயுவும் தனக்கான துண்டுகளை மட்டும் விழுங்கும். விழுங்கிய இடம் திரையில் பள்ளமாகத் தெரியும். அதே பள்ளம் ஒரு கோளின் ஒளியிலும் இருந்தால், அந்த வாயு அங்கேயும் உண்டு. "அங்க போகாமலே அங்க என்ன காத்துன்னு சொல்லிடுவான்!" பேச்சு எவ்வளவு நீண்டாலும் இஸ்திரியில் ஒரு சட்டைகூடக் கருகியதில்லை.

ஒரு மதியம் ஆய்வுக்கூடத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள், ஒரு கோளில் இருப்பதைப் போலவே கலந்த வாயு. இதுவரை யாரும் பார்க்காத ஒரு பள்ளம் திரையில். அதைப் பற்றிய கட்டுரை நாளைக்கு அறிவியல் இதழுக்குப் போகிறது என்றான் தம்பி. போனால் வேலை நிரந்தரம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி மூடியின் மேல் குனிந்து, வீட்டுக் குழாய், மாமா மகள் கல்யாணம், கடைக்கு வந்த கிழிந்த கோட்டு என்று கொட்டித் தீர்த்தாள்.

திரையில் பள்ளம் இன்னும் ஆழமாவதைப் பார்த்த தம்பியின் சிரிப்பு மறைந்தது. "அக்கா, கொஞ்சம் வாயை மூடேன்."

மூடினாள். பள்ளம் மெல்ல ஆழம் குறைந்தது.

"இப்ப பேசு."

"என்னடா பேசறது? பேசாதேன்னு சொல்லித்தான் உனக்குப் பழக்கம்."

பள்ளம் மறுபடி இறங்கியது. மூடியின் ரப்பர் வளையத்தில் எங்கோ விரிசல். அறைக் காற்றின் ஈரம் அது வழியே கசிந்திருந்தது; இப்போது அவள் மூச்சின் ஈரமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது புது வாயு இல்லை, தண்ணீர்.

"நான் வந்திருக்கவே கூடாது. யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

அவனே ஆய்வுக்கூடத் தலைவரிடம் போய்ச் சொன்னான். "இதை உன்னை யாருய்யா கேட்டா?" என்றார் அவர். கட்டுரை நின்றது, நிரந்தர வேலையும் இன்னொருவருக்குப் போனது. அன்று சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே வீடு திரும்பியது.

தற்காலிகமாகவே தொடர்ந்தான். வளையம் மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தான். மூன்றாம் வருடம் கடைக்குப் போன் வந்தது.

"அக்கா, இன்னொரு பள்ளம். வந்து பேசிட்டுப் போ."

இஸ்திரியை அணைத்துவிட்டுப் போனாள். மூடியில் கை வைத்துக் குனிந்து, கண்ணாடியில் ஊதியவனைத் துரத்திய கதையிலிருந்து ஆரம்பித்துத் தொண்டை வறளும்வரை பேசினாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தம்பி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பள்ளம் அசையவே இல்லை.

"போதுமாடா?"

"இன்னும் கொஞ்சம் பேசுக்கா."