வேம்புக்குக் கட்டிய மஞ்சள் துணி

எங்கள் பூங்காவின் மூலையில் ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. காலையில் நடக்க வருகிறவர்கள், தங்கள் வீட்டில் இறந்துபோனவர்களுக்காக ஆளுக்கொரு மரம் வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டர் குனிந்து நிமிரவும் சொன்னதால், நான் களை பிடுங்கும் தன்னார்வலர் ஆனேன். என் சமூக சேவையின் வரலாறு இவ்வளவுதான்.

மரங்களுக்குப் பெயர்ப் பலகை கூடாது என்று கூட்டத்தில் பேசியவனும் நானே. பலகை வைத்தால் யார் பலகை பெரிது என்று தகராறு வரும், பின்னாலேயே போட்டோவும் சீரியல் பல்பும் வரும் என்றேன். கைதட்டினார்கள். நான் பேசி யாரும் கைதட்டிப் பழக்கமில்லாததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஆடி பிறந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் மனைவிக்காக வைத்த வேம்பின் தூரில் ஒரு நாள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மறுநாள் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு செங்கல்லும் அகல்விளக்கும் வந்து சேர்ந்தன. பெயரில்லாத வேப்பமரத்தை ஆடி மாதத்தில் நம் ஊர் சும்மா விட்டுவைக்காது என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

வாத்தியார் கிறிஸ்தவர். மனைவியின் கல்லறை சொந்தக் கிராமத்தில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. முழங்கால் அதற்கு ஒத்துழைப்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அவருக்கு மிச்சமிருந்தது இந்த மரம்தான். அந்த வாரம் அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார்.

பூங்கா மேற்பார்வையாளர் என்னைத் தனியே அழைத்தார். “வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கப் போறாகளாம் சார். இது கோயிலாச்சுன்னா என் வேலை போயிரும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள துணி போகணும். இல்லாட்டி மரம் போகும்.”

“நீங்களே அவுத்துரலாமே?”

“எனக்குப் புள்ளகுட்டி இருக்கு சார்.”

“மரத்தை மட்டும் வெட்டலாமா?”

“அதுக்கு மெஷின் வரும். மெஷினுக்கு ஏது புள்ளகுட்டி.”

வியாழக்கிழமை விடியும்போதே போனேன். கடவுள் இல்லை என்று நிறுவும் புத்தகங்களை அலமாரி நிறைய வைத்திருப்பவன் நான். முடிச்சில் விரல் பட்டதும், என் மகளுக்கு அன்றைக்குத் தேர்வு என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

“என்னா சார், கைய எடுத்துட்டீக?”

பூங்கா வாசலில் கம்பங்கூழ் விற்கிற அக்கா பின்னால் நின்றிருந்தார். துணி கட்டியது அவர்தான். பேத்திக்கு அம்மை போட்டபோது இந்த மரத்துக்கு நேர்ந்துகொண்டாராம்.

“அக்கா, இது சாமி மரமில்ல. செத்துப்போன ஒருத்தருக்காக வச்சது. வாத்தியார் வீட்டம்மாவுக்கு.”

அக்கா கேட்டார்: “வாத்தியாரு இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்ப பூவும் பொட்டுமாப் போன மகராசி. அதான் ரெண்டே நாள்ல எம் பேத்திக்கு எறங்கிருச்சு.” மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதுவரை சந்தேகமாக இருந்த தெய்வத்தை நான் உறுதிப்படுத்திக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் வாத்தியார் கையில் பையோடு உள்ளே வந்தார். நடப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘ஆடி அம்மன் அருள்’ என்று மரத்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். அவரும் அந்தக் குழுவில் இருப்பது யாருக்கும் நினைவில்லை. படத்தைப் பார்த்ததும் பஸ் ஏறியிருக்கிறார்.

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர்கள் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தார். ஒரே ஒரு கெட்ட வார்த்தை போதும், மாலைக்குள் ஊர் இரண்டாகிவிடும் என்று தோன்றியது.

“யாரும்மா கட்டுனது?” என்றார் வாத்தியார்.

“நாந்தான்யா.” அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

வாத்தியார் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவளுக்கு மஞ்சள் ஆகாதும்மா. ஒடம்பெல்லாம் தடிச்சிரும். கல்யாணத்தப்ப யாரோ பூசிவிட்டு, கோயில்ல பீடத்துக்கு முன்னாடி நின்னு சொறிஞ்சுக்கிட்டே இருந்தா.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்? பாவம், அந்தம்மாவுக்கு எம்புட்டு அரிச்சிருக்கும்.” மஞ்சளைப் பூசியதே நான்தான் என்பது போலிருந்தது.

அக்கா மண்டியிட்டு, இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கூழ் கரைக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து, தூரில் மஞ்சள் போகிறவரை தேய்த்துக் கழுவினார். போனைப் பிடித்திருந்தவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப பொங்கல்?” என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

அக்காவின் கண் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. அங்கே இன்னும் சில வேம்புகள் இருக்கின்றன.

“எங் கடைக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குது. அங்க வச்சுக்குறேன்” என்றார். பிறகு வாத்தியாரிடம், “அந்தம்மாவுக்கு என்ன பூ புடிக்கும்?”

“கனகாம்பரம். வாசம் இருந்தா தலைவலிக்கும்பா.”

“இம்புட்டு நோஞ்சானா?” என்றார் அக்கா. வாத்தியார் சிரித்துவிட்டார்.

மெஷின் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாழ்ந்த கிளையில் ஒரு முழம் கனகாம்பரம் தொங்கியது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணி என்றுதானே சொன்னீர்கள் என்றேன்.

அடுத்த கூட்டத்தில், மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைக்கலாம் என்று நானே எழுந்து பேசினேன். யாரும் கைதட்டவில்லை. முதல் பலகை வாத்தியார் மனைவிக்கு. பெயருக்குக் கீழே பைபிள் வசனம் ஏதாவது போடலாமா என்று கேட்டதற்கு, அவர் துண்டுத்தாளில் இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தார்:

மஞ்சள் ஆகாது.