ஜோடியா வித்த ஆமைங்க

வண்ணமீன் கடை வெச்சிருக்கறவங்களுக்குத் தூங்காம இருக்கறதே பாதி வேலை. மத்தியானத்துல மோட்டாரு கொர்ருன்னு ஓடும், தண்ணி வெளிச்சம் செவுத்துல நெளியும், கண்ணு தானா சொக்கும். அந்தச் சொக்கல்ல நான் வுட்ட ஒரு பொய்யி என்னை என்ன பாடு படுத்துச்சுன்னு கேளுங்க. தொட்டி வெச்சிருக்கற நீங்களும் பட்டிருப்பீங்க.

ஒண்ணு போதுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில இருக்கற என் கடைக்கு ஒரு மத்தியானம் மெசியே அந்துவான் வந்தாரு. மெசியேன்னா பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். வாத்தியாரா இருந்து ஓய்வானவரு. சம்சாரம் தவறிட்டாங்க. பாரிசுல இருக்கற மவ, "தனியா ஏன் கெடக்கறீங்க, இங்க வந்துடுங்க"ன்னு வாராவாரம் போன்ல பிடுங்குதாம். மனுசனுக்கு ஊர வுட மனசில்ல. வீட்டுல ஒரு துணைக்குன்னு ஆமை கேட்டாரு.

அரைத் தூக்கத்துல நானும் மீன்கடைக்காரங்க எல்லாரும் வழக்கமா சொல்றதத்தான் சொன்னேன். ஒத்தையில வளத்தா ஏங்கிப் போயிடும், ஜோடியா எடுங்கன்னேன். அவரு மூஞ்சி வாடிப்போச்சு. "ஆமைக்கே அப்பிடின்னா ரெண்டாவே குடும்மா."

முதுகு மேல முதுகு

பத்து நாள் கழிச்சு அவரு வீட்டுக்குத் தொட்டி கழுவப் போனேன். பெரிய ஆமை, சின்னது மூஞ்சிக்கு நேரா நகத்த விரிச்சுப் படபடன்னு ஆட்டிச்சு. வெயில் காயறதுக்கு வெச்ச கல்லுல சின்னது ஏறுனா, அது முதுகு மேலயே ஏறிப் படுத்துச்சு. கடல்காத்துல தெரை அசைய, அந்துவான் மெய்மறந்து பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்கே கனாவாட்டம்தான் இருந்துச்சு.

ஆனா அது பாசம் இல்லீங்க, அதட்டல். மேல ஏறுறது வெயிலப் புடுங்கிக்கறதுக்கு. தெரிஞ்சும் சொல்ல வாய் வரல. "பாரும்மா, ஒண்ணுக்கொண்ணு போன்ழூர்னு வணக்கம் சொல்லிக்குதுங்க!"ன்னாரு அவரு.

ரெண்டாவது கல்லு

சின்னது தீனி எடுக்கலன்னு போன் வந்துச்சு. போய்ப் பாத்தா பின்னங்கால்ல கடிச்ச புண்ணு. இன்னொரு கல்லு வெச்சேன். பெருசு ரெண்டு கல்லையும் காவக் காத்துச்சு. சின்னத வேற பேசின்ல வுட்டு தீனி போட்டேன். தொட்டிக்குத் திரும்புனதும் பெருசு அது வாலக் கடிக்கத் தொரத்துச்சு. நடுவுல கண்ணாடி வெச்சேன். பெருசு கண்ணாடிய முட்டிக்கிட்டே கெடக்க, சின்னது ஓட்டுக்குள்ள இழுத்த தலைய வெளிய நீட்டவே இல்ல.

தனித் தொட்டியில வுட்டாதான் பொழைக்கும், இல்லன்னா செத்துடும்னேன். மனுசன் மசியவே இல்ல. "தனியா வுட்டா ஏங்கிப் போயிடும்னு நீதானம்மா சொன்ன!"

மாடி ஜன்னல்

வேற வழியில்ல, போட்டு ஒடச்சேன். நான் சொன்னது பொய்யி மெசியே, ஆமைக்குத் துணையே வேணாம், வெயிலும் தண்ணியும் தீனியும் இருந்தா போதும்னேன். நாக்கப் புடுங்கிக்கலாம் போல வெக்கமா இருந்துச்சு. சின்னதோட புண்ணக் குனிஞ்சு பாத்துட்டு, சரின்னாரு. மாடி ஜன்னலோரம் புதுத் தொட்டி வெச்சோம்.

மூணு வாரம் கழிச்சுப் போனேன். புண்ணு ஆறியிருந்துச்சு. சின்னது தன் கல்லு மேல நாலு காலையும் நீட்டி, கண்ண மூடி, வெயில்ல மெதந்துக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல காப்பியோட அவரு, அதே வெயில்ல. "இதப் போட்டோ புடிச்சு மவளுக்கு அனுப்பிட்டேம்மா, இது எங்க ஏங்குது பாரு, நானும் பாரிசுக்கு வரலன்னு சொல்லிட்டேன்."

பொய்யச் சொல்லி ரெண்டு ஆமையும், அந்தப் பொய்ய ஒத்துக்கிட்டு இன்னொரு தொட்டியும் வித்தவ இந்தப் புதுச்சேரியிலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.