மாமாவுக்கு வந்த வலிப்பு

எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் கருமுட்டைகள் இனி உதவாது என்று கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனை டொக்டர் சொன்ன அன்றே, தங்கச்சி தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு முப்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள். பரிசோதனைகளில் அவள் தேறினால்தான் எனக்கு வழி. வேறு ஆள் தேட வசதியும் இல்லை, காத்திருக்க வயதும் இல்லை.

அவளுடைய விபரங்களை நானே ஒரு கோப்பில் அடுக்கினேன்: உயரம், எடை, மாதவிலக்குத் தேதிகள், இரண்டு பிரசவத்தின் கிளினிக் கொப்பிகள். ஆலோசகர் அவளைத் தனியே கூப்பிட்டு, யாராவது வற்புறுத்தினார்களா என்று அரை மணி நேரம் விசாரித்தார்.

"உன்னைப் பத்தித்தான்க்கா கேட்டாங்க. நல்லதாத்தான் சொல்லியிருக்கேன், பயப்படாத" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அடுத்தது குடும்ப நோய் விபரம். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். தெல்தோட்டையிலிருந்து அம்மாவை வரவழைத்தேன். அவர் பச்சைப் பட்டுச்சேலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கா போறோம்?" என்றாள் தங்கச்சி.

"அவங்களும் நம்ம பரம்பரையப் பத்தித்தானடி கேக்கப் போறாங்க?"

நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சீனி வருத்தம்? "இல்ல மிஸ்." பிரஷர்? "இல்ல." அம்மாவின் பிரஷர் மாத்திரை அவர் மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தது. வலிப்பு, மனநோய்? "எங்க பரம்பரையில தலைவலின்னு படுத்தவங்ககூட இல்ல மிஸ்." எங்கள் இருவரின் கல்யாணத்துக்கும் தரகரிடம் ஒப்பித்த அதே பாடம்.

என் தாய்மாமா முப்பது வயதில் வலிப்பு வந்து செத்தவர். அப்போது எனக்குப் பதின்மூன்று, டயரியில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் உடனே வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கத்தை முடித்துத் திருப்பும்வரை திறக்கவில்லை. 'இல்லை' என்றே இருந்துவிட்டால் தங்கச்சி தேறிவிடுவாள். பிறக்கும் பிள்ளைக்கு வலிப்பு வந்தால்?

"மிஸ், எங்க தாய்மாமாவுக்கு வலிப்பு இருந்துச்சு."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? நாளைக்கு இவ மகளை எவன்டி கட்டுவான்?"

"அவளுக்கு ஆறு வயசும்மா!"

நர்ஸ் உள்ளே போய்ச் சொல்ல, டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். பரம்பரை நோயாக இருந்தால் தங்கச்சியின் முட்டையை எடுக்க முடியாமல் போகலாம் என்றார். எந்த வயதில் வலிப்பு தொடங்கியது? எனக்குத் தெரியாது. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பொறவியில இல்ல டொக்டர். ஒம்பது வயசுல தேயிலக் கொழுந்து லொறியிலேருந்து விழுந்துட்டான். மண்டையில ஒப்பரேஷன் பண்ணாங்க. அதுக்கப்புறந்தான்."

எங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே தகவல். அதையும் முப்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நான்தானே அவன லொறியில ஏத்திவிட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

பிறகு டொக்டர், அடிபட்டதால் வந்த வலிப்பு பரம்பரையாக வராது, இதை வைத்து மட்டும் தங்கச்சியை ஒதுக்க மாட்டேன் என்றார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். தங்கச்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு நர்ஸுடன் போனாள்.

"வேறு யாருக்கு என்ன இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்கம்மா" என்றார் டொக்டர்.

அம்மா கதிரையை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க அப்பா பக்கத்துலேருந்து சொல்லவா டொக்டர், அம்மா பக்கத்துலேருந்தா?"