உடைத்தேனா, உடைந்ததா? ஒரகடத்தில் ஒரு ஞாயிறு

2005 ஆகஸ்டில் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் வழிகாட்டிப் பேராசிரியரிடமிருந்து மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. ‘நான்’ என்ற சொல் எங்கும் வரக்கூடாதாம். ‘நான் கவனித்தேன்’ என்று எழுதாதே, ‘கவனிக்கப்பட்டது’ என்று எழுது என்று சிவப்பு மையில் குறிப்பு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் ஆய்வே செயல்பாட்டு மொழியியல் பற்றியதுதான். வாக்கியம் சரியா தப்பா என்பதோடு நிற்காமல், அது என்ன வேலை செய்கிறது, யாரை முன்னால் நிறுத்துகிறது, யாரை ஒளித்து வைக்கிறது என்று பார்க்கிற இலக்கணம். அதை எழுதுகிற என்னையே ஒளிந்துகொள்ளச் சொன்னால்?

அந்த வாரம் தோழி சுமதி கூப்பிட்டாள். ஒரகடத்தில் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவள். ஊரில் கல்யாணம், ஒரு வாரம் நீ எடு என்றாள். ஆய்வேட்டை மூடி வைக்க ஒரு சாக்கு கிடைத்தால் விடுவேனா!

தாம்பரத்தில் காலை 8.10க்குப் பேருந்து. படப்பை 13 கி.மீ., ஆறு ரூபாய், நாற்பது நிமிடம். வழியெல்லாம் மனை விற்பனைப் பலகைகள். படப்பையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒரகடம் ஒன்பது கி.மீ., பத்து ரூபாய். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும் என்பதால் இருபது நிமிடம் காத்திருப்பு. ஓட்டுநர் பக்கத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. பக்கவாட்டுக் கண்ணாடி நெடுக விரிசல், மேலே டேப்.

“கண்ணாடியை யாருங்க உடைச்சது?” என்று கேட்டுவிட்டேன்.

“இன்னா மேடம், யாரு உடைச்சதுன்றே? அது உடைஞ்சி பூட்ச்சு. நான் இன்னா பண்ணுவேன்?”

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பதிலின் அருமை மதியம்தான் எனக்குப் புரியப்போகிறது.

வகுப்பு, கூட்டுச்சாலையிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மாடி அறையில். ஏழு பெண்கள், எல்லாருக்கும் ஷிப்ட் களைப்பு. பன்னிரண்டுக்கு முடித்ததும் ஒருத்தி மட்டும் போகவில்லை. பெயர் செல்வி. சங்கரன்கோவில் பக்கம், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ட்ரெய்னி. ஒரு தாளை நீட்டினாள். மறுநாள் காலை மேனேஜரிடம் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதம். அவர் ஏற்கவில்லை என்றால் பயிற்சி முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் வரி: ‘ஐ ப்ரோக் தி டூல்.’

“நீயா உடைச்சே?” என்றேன்.

“இல்லக்கா! துளை போடுத டூல் அது. இத்தனை பீஸுக்கு ஒருக்கா மாத்தணும்னு கணக்கு இருக்கு. கணக்கு தாண்டிட்டு. ரெண்டு பத்துக்கு லைன் லீடர்ட்ட சொன்னேன். ‘ஓட்டு, ஷிப்ட் முடியட்டும்’னாரு. ரெண்டே முக்காலுக்கு உடைஞ்சிட்டு. உடனே மெஷினை நிப்பாட்டிட்டேன்.”

“அப்புறம் ஏம்மா ‘ஐ’னு ஆரம்பிச்சே?”

“இங்கிலீஷ்ல மொதல்ல ஆளு வரணும்னு ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்கல்லா.”

செய்யாத குற்றத்தை இலக்கணத்துக்குப் பயந்து ஒப்புக்கொண்டிருக்கிறாள்! பேனாவைப் பிடுங்கி, பெரிய மேதாவி மாதிரி, ‘தி டூல் வாஸ் ப்ரோக்கன்’ என்று திருத்தினேன். ‘ஐ ஸ்டாப்ட் தி மெஷின்’ என்ற அடுத்த வரியை ‘தி மெஷின் வாஸ் ஸ்டாப்ட்’ ஆக்கினேன். சிவப்பு மைக்காரர் பார்த்தால் பூரித்துப்போவார்.

செல்வி படித்துப் பார்த்துவிட்டு அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

“உடைக்கப்பட்டதுன்னா, யாரு உடைச்சான்னு கேப்பாங்கல்லா? மெஷினை நிப்பாட்டினது நான்தான. அதையும் எடுத்துட்டீங்களேக்கா?”

வெட்கமாகிவிட்டது. மூன்று வருடமாக நான் மாங்கு மாங்கென்று படித்ததை, பொசுக்கென்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் ஆட்டோக்காரர் குரல் காதில் ஒலித்தது. அது உடைஞ்சி பூட்ச்சு! தமிழில் ‘உடைத்தேன்’ வேறு, ‘உடைந்தது’ வேறு. இங்கிலீஷில் இரண்டு வேலைக்கும் ஒரே ‘ப்ரோக்’. ‘தி டூல் ப்ரோக்’ என்று எழுதினால் போதும், உடைத்தவர் என்று ஒருவரைத் தேட வேண்டியதில்லை. எனக்கு எழுந்து குதிக்கத் தோன்றியது. குதித்தேன் என்றே வையுங்கள்.

பிறகு வரி வரியாக உட்கார்ந்தோம். எது தானாக நடந்தது, எது அவள் செய்தது? ‘தி டூல் ப்ரோக். ஐ ஸ்டாப்ட் தி மெஷின்.’ ஆளை எடுத்த இடமும் சரி, வைத்த இடமும் சரி. மீதி இருந்தது ‘ஓட்டு’ என்ற சொல். ‘ஐ வாஸ் டோல்ட் டு ரன் தி மெஷின்’ என்று போட்டால் லைன் லீடர் தப்பிவிடுவார், சொன்னது யாரென்று இருக்காது. இரண்டு வழியையும் விளக்கிவிட்டு, நீயே முடிவெடு என்றேன்.

வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கும் அவரு லைன்லதான் நிக்கணும்” என்றாள். பிறகு தன் கையெழுத்திலேயே எழுதினாள்: ‘ஐ இன்ஃபார்ம்ட் தி லைன் லீடர் அட் 2.10. ஹி டோல்ட் மி டு ரன் தி மெஷின்.’

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் வழி. 12 கி.மீ., பேருந்தில் ஐந்து ரூபாய். அங்கிருந்து சென்னைக்கு வண்டிகள் நிறைய. நீங்கள் போவதாக இருந்தால் ஞாயிறு காலை எட்டரைக்குள் படப்பையைத் தாண்டிவிடுங்கள், பிறகு ஷேர் ஆட்டோ நிரம்ப நேரமாகும். ஒரகடத்தில் சாப்பாட்டுக் கடைகள் ஞாயிறன்று பாதி மூடியிருக்கும், தண்ணீரும் டிபனும் கையில் இருக்கட்டும். பாடம் நடத்தப் போகிறவர்கள் பயிற்சிப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, அவர்கள் உண்மையில் எழுத வேண்டியிருக்கும் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன் ‘என்ன நடந்தது?’ என்று தமிழில் கேளுங்கள். நான் மெனக்கெட்டுப் போய்க் கற்றது இதுதான்.

புதன்கிழமை டெலிபோன் பூத்திலிருந்து செல்வி பேசினாள். ஏற்றுக்கொண்டார்களாம்! லைன் லீடர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், போகட்டும். நான் கத்திய கத்தில் எங்கள் வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்.

“இன்னும் கேளுங்கக்கா. போர்டுல புதுசா நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ‘டூல்ஸ் ஷுட் பி சேஞ்ட் ஆன் டைம்’னு. நான் மேனேஜர்ட்ட போயி, ‘சார், யாரு மாத்தணும்னு போடலயே’ன்னு கேட்டேன்.”

“ஐயோ! அவர் என்ன சொன்னார்?”

“பேனாவ எடுத்து, ‘பை தி லைன் லீடர்’னு எழுதிட்டாருக்கா.”

போனை வைத்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன். சிவப்பு மையில் ‘கவனிக்கப்பட்டது’ என்று திருத்தியிருந்த இடத்திலெல்லாம் மறுபடியும் ‘நான் கவனித்தேன்’ என்று எழுதினேன்.