மலைப்படத்தில் ஒரு சாய்வு

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில், கூட இருந்த நண்பன் தன் ஊர் மலையைச் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருந்தான். போடிக்கு மேலே, சரிவில் அவன் வீடு. அங்கே அம்மா மட்டும்தான். லீவுக்குப் போகும்போதெல்லாம் எதிர்ப் பாறையில் ஏறி நின்று, வீட்டையும் அதன் பின்னால் எழும் மலையையும் ஒரு படம் எடுப்பான். பிரிண்ட் வந்ததும் என்னிடம் நீட்டுவான். நான் குறை சொல்ல வேண்டும்.

அதில் நான் கெட்டிக்காரன். கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை எனக்கு. அடுத்தவன் வேலையில் நொட்டை சொல்லத்தான் சம்பளமே. “வானமே பாதிப் படத்த துன்னுட்ச்சி. மலைய ஓரமா தள்ளி வுட்டுக்கீற” என்பேன். அவன் முகம் தொங்கிப்போகும். ஆனாலும் அடுத்த முறை திருத்திக்கொண்டு வருவான்.

ஆயுத பூஜை லீவு முடிந்து அவன் கொண்டுவந்த படம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

“இன்னாடா, ஓடைத் தண்ணி டீ கலர்ல கீது? பச்சைக்கு நடுவுல காவிக்கோடு வேற. லேப்காரன் கெடுத்துட்டான். நீயும் கேமராவ கோணையா புடிச்சிக்கீற, மரமெல்லாம் சாயுது பாரு.”

“நேராத்தான்ப்பா பிடிச்சேன்” என்றான்.

எங்கள் லைனில் எந்த நிறத்தையும் தனியாகப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சரியான நிறமுள்ள மாஸ்டர் தகட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவன் வாயை அடைப்பதற்காகச் சுவரிலிருந்த பழைய படம் ஒன்றைப் பிய்த்து, புதியதோடு சேர்த்து ஜன்னலோரம் வைத்தேன். வெளியே காலையிலிருந்து விடாத மழை.

வீட்டு முன்னால் இருந்த கரண்ட் கம்பம் இரண்டு படத்திலும் நேராக நின்றது. கேமரா கோணல் என்றால் கம்பமும்தானே சாய வேண்டும்? சாய்ந்திருந்தவை பின்னால் சரிவில் நின்ற மரங்கள் மட்டும், அதுவும் எல்லாம் வீட்டுப் பக்கமாக. அவற்றுக்கு மேலே குறுக்காக அந்தக் காவிக்கோடு. பழைய படத்தில் அது இல்லை.

“லேப்காரன் மேல தப்பு இல்லடா. மண்ணு பொளந்துக்கீது. மலை எறங்குது.”

குடைகூட எடுக்காமல் எஸ்டிடி பூத்துக்கு ஓடினோம். அவன் ஊர்க் கடைக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தோம். அந்த அம்மா போனில் கத்தித்தான் பேசுவார். கதவருகே நின்ற எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“எம்மா, வீட்டுல இருக்காத. இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போயிரு” என்று இவனும் கத்தினான்.

“வீட்டத் தெறந்து போட்டுட்டு எப்படிப்பா போறது? மழை பிடிச்சதுல இருந்து வாசக்கதவு சாத்தவே மாட்டேங்குது, நிலையே கோணிக்கிட்டு நிக்குது. ஆசாரிய வரச் சொல்லிருக்கேன். அவர் வந்து வீட்டுக்குள்ள உக்காந்திருக்காரு. நான் போனை வைக்கிறேன்.”